இரண்டாவது கற்பூரம்

கொரோனாவால் திருத்தணிக் கோயில் மூடியிருந்தது. மலைப்படிக்குக் கீழே, பூட்டிய கதவுக்கு வெளியிலேயே ரேணுகா கற்பூரம் ஏற்றினாள்.

“எழிலன் நெஞ்சு நல்லா துடிச்சிகினு இருக்கணும், முருகா. மொட்டை போட்டுக்கறேன்.”

“கோயிலே மூடிக் கெடக்குது. எங்க போட்டுக்குவ?” என்றான் அவள் கணவன் பங்காரு.

“தொறக்கறப்ப போட்டுக்கறேன்.”

சென்னை ஆஸ்பத்திரியில் மகன் எழிலனோடு ஒருவர்தான் இருக்கலாம் என்றதால், ரேணுகாவின் தம்பி ராஜேஷை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“டாக்டருங்க இன்னா சொன்னாங்களாம்?” என்று கேட்டாள் ரேணுகா.

“இதயம் மாத்துற ஆபரேஷனுக்கு எல்லாம் ரெடியாம். எழிலனோட கொரோனா டெஸ்டு ரிசல்ட்டு மட்டும் வரணுமாம்.”

“அவனுக்கு இருமல்கூட இல்லியே!”

போன் அடித்தது. ராஜேஷ்தான். பங்காரு கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

“கொரோனா இருக்குதாம். ஆபரேஷன் இல்லேன்னுட்டாங்க.”

ரேணுகா இன்னொரு கற்பூரத்தை எடுத்து வைத்தாள்.

“இன்னும் எதுக்கு ரேணுகா?” அவன் குரல் ஓய்ந்திருந்தது. “பைக்குலேர்ந்து வுழுந்தப்பவே மூளை செத்துப்போச்சு. இதயத்தையாவது யாருக்காச்சும் குடுக்கலாம்னு நெனச்சோம். அதையும் வாணாம்னுட்டாங்க. நம்ம புள்ளைக்குன்னு வேண்டிக்க இனிமே இன்னா இருக்குது?”

“இது அவனுக்கில்லீங்க.” தீக்குச்சியைக் கிழித்தாள். “அவன் இதயம் வரும்னு எங்கியோ ஒரு புள்ள காத்துகினு கெடக்கும். அந்த நெஞ்சு துடிச்சிகினு இருக்கணும், முருகா. மொட்டை போட்டுக்கறேன்.”