பதினேழாம் எண் டோக்கன்

அந்த வளைகுடா நகரத்து ஸ்கேட்டிங் அரங்கத்தில் பெரியவர் ஒருவரின் பத்தாக்காவை, அதாவது அடையாள அட்டையை, கவுண்டரில் வைத்தால்தான் சக்கரக் காலணி தருவார்கள். ஜெனிட்டா அப்பாவின் பர்ஸிலிருந்து அவருக்குத் தெரியாமல் அட்டையை எடுத்துப் போயிருந்தாள். திரும்பும்போது, பஸ் வந்துவிட்டதென்று தோழிகள் கத்திய அவசரத்தில், காலணியைக் கவுண்டரில் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். அட்டையை வாங்கவில்லை; அதற்கு ஈடாகத் தந்த பதினேழாம் எண் டோக்கன் அவளிடமே தங்கிவிட்டது.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி எல்லோரிடமும் அட்டை கேட்டது. அட்டை இல்லாத அப்பாவை மட்டும் இறக்கிக் கூட்டிப்போனார்கள்.

அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா ஸ்டேஷனிலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"கண்ணாடிய நெத்தில வச்சிட்டு வீடு முழுக்கத் தேடுற ஆளு! உங்க கையில பத்தாக்கா எப்படி நிக்கும்?" என்று அழுகையோடு ஏசினாள்.

அப்பா சிரிக்கப் பார்த்தார். "ஜெனி மக்கா, நீ எங்கயாவது பாத்தியா?"

"இல்லப்பா." வாய் முந்திக்கொண்டது.

"சரி, பயப்படாத. எவனோ பஸ்ல பிக்பாக்கெட் அடிச்சிட்டான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்களாம். நமக்கென்ன மக்கா, நாம உள்ளதத்தானே சொல்லிருக்கோம்."

சட்டைப்பைக்குள் ஜெனிட்டாவின் கட்டைவிரல் டோக்கனின் எண்ணைத் தடவிக்கொண்டே இருந்தது. அரங்கம் நாலு மணிக்குத் திறக்கும்.

"அப்பா" என்றாள்.

"சொல்லு மக்கா."