காலியாக விட்ட கட்டம்

விடுதி மேசையில் பதிவேடு விரிந்து கிடக்கிறது. மதிய வெயில் ஜன்னல் வழியே அதில் ஒரே ஒரு கட்டத்தின்மேல் விழுகிறது: ‘அடுத்துச் செல்லும் ஊர்.’ ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யும் ஊழியக்காரர் அதை நிரப்பாமலே பேனாவை மூடுகிறார். “கர்த்தர் எங்க காட்டுறாரோ அங்க போவோம் தம்பி.” மேலாளர் அறைச் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். அவர் கண்கள் வந்தவர்களின் பூட்டிய பெட்டியையும் அதன்மேல் இருக்கும் வேதாகமத்தையும் மாறி மாறி அளக்கின்றன. “போற ஊர் தெரியாம யாருங்க வீட்டைவிட்டுக் கிளம்புவாங்க? நீங்களாவது சொல்லுங்கம்மா.” ஊழியக்காரர் புன்னகையோடு மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் செருப்பின் அறுந்த வாரில் ஊக்கைக் குத்தியபடி, நிமிராமலே சொல்கிறாள்: “ஒன்பது நாளா நானும் அதைத்தாங்க கேக்குறேன்.” புன்னகை அப்படியே நிற்கிறது. மேலாளர் சாவியை அவள் பக்கமாக நகர்த்துகிறார்.