வெள்ளைத்தலைப் பெரியவர்

“இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, மாப்ளே” என்றார் மாமா.

இதற்கு முன்னால் காட்டியது நீலம். அது பேங்க் மாதிரி இருந்ததாம். அதற்கும் முந்தையது கறுப்பு. அது இழவு வீடாம். பச்சையில் ஒன்றைக் காட்டினால் மருந்துக்கடை என்றார்.

மாமா அவனுடைய அக்காவின் புருஷன். வெளியாளாக இருந்திருந்தால் அவன் இந்நேரம் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பியிருப்பான். சொந்தக்காரனுக்குச் செய்கிற வேலையில் கூலியும் கிடையாது, மரியாதையும் கிடையாது. குறை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

வெப்சைட்டுக்குத் தீம் என்பது, நிறமும் படமும் ஏற்கெனவே அமைத்து வைத்த ரெடிமேட் சட்டை மாதிரி. பிடித்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். காலையிலிருந்து கடையில் இருக்கிற சட்டையெல்லாம் பிரித்துப் போட்டாயிற்று. மாமாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை.

எதிர்வரிசையில் புதிதாக முளைத்திருக்கும் பெரிய கண்ணாடிக்கடையை நினைத்துத்தான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே ஏசி, இலவசக் கண் பரிசோதனை, வாசலில் பலூன். அது வந்ததிலிருந்து மாமாவின் கண்ணாடிக்கடையில் ஈ ஓட்டுகிறார்கள். வேலைக்கு இருந்த ஆளையும் நிறுத்திவிட்டு, அந்த ஆளின் நாற்காலியில் இப்போது அக்கா உட்கார்ந்திருக்கிறாள். வெப்சைட் முகவரியோடு அச்சடித்த நோட்டீஸ் மூலையில் கட்டாகக் கிடக்கிறது. நாளைக் காலை வீடு வீடாகப் போய்விடும். முகவரியைத் தட்டுகிறவனுக்கு ஏதாவது தெரிய வேண்டாமா? இதுவும் படுத்துக்கொண்டால் அக்கா குடும்பம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மாமாவோ லேப்டாப்புக்குப் பக்கத்தில்கூட வரமாட்டேன் என்கிறார். தள்ளி நின்று, மெல்லிய துணியால் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

“படத்துல என்ன இருக்குன்னு நீயே சொல்லேன். கையில வேலை இருக்குல்ல.”

வேலையாம் வேலை! வெகுநேரமாக அந்த ஒரே கண்ணாடியைத்தான் துடைக்கிறார்.

ஓர் இளைஞன் கண்ணாடி போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிறான் என்று அவன் சொன்னான். கண்ணாடி வாங்குறவன் கடலை எதுக்குப் பார்க்கறான் என்று கேட்டார் மாமா. அடுத்ததில் ஒரு பெண் புத்தகம் படிக்கிறாள் என்றான். எழுத்தைப் பெருசாக்கு என்றார். பெரிதாக்கினான். இன்னும் பெருசாக்கு என்றார். இதற்கு மேலும் பெரிதாக்கினால் கடைப் பெயர் திரையை விட்டு இறங்கித் தெருவுக்குப் போய்விடும்.

“அவருக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிக் கொடேன்டா” என்றாள் அக்கா, லென்ஸ் டப்பாக்களை அடுக்கியபடி.

அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் எழுத்து காட்டிக் கண்ணைச் சோதிக்கிற மனிதர், ஒரு படத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கமாட்டாராம். இதுதான் கடைசி, இதற்குப் பிறகு ஒரு படத்தைக்கூடத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டான்.

நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டிவிடும் கடைகளுக்கென்று ஒரு தீம் இருந்தது. அதைத் திறந்தான். இளம் பழுப்பு நிறம். திரை முழுக்க ஒரு நாயின் முகம். தலையில் குவியலாகச் சோப்பு நுரை, வெளியே தொங்கும் நாக்கு.

மாமா கத்தட்டும். அவர் கத்தினால் தானும் பதிலுக்கு ஒரு பிடி பிடித்துவிடலாம்.

“இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். நீங்களே கிட்ட வந்து பாருங்க மாமா.”

மாமா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குனிந்தார். மூக்கு திரையில் இடித்துவிடும் போலிருந்தது. தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார்.

அவர் முகம் மலர்ந்தது.

“இதைத்தான் மாப்ளே காலையிலேருந்து கேட்டேன். பெரியவர், வெள்ளைத்தலை. எப்படிச் சிரிக்கறாரு பாரு! நம்ம கடைக்கு வர்றவங்க மாதிரியே இருக்காரு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் பதிலுக்கு நக்கலடிக்கிறார் என்று நினைத்தான். இப்போது கண் சிமிட்டுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தான்.

மாமா திரையையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாக்களின் சத்தம் நின்றிருந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தபடி, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார், கண் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று. மாமா சுறுசுறுப்பானார். அந்த அம்மாள் சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கப் படிக்க, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா யாரும் கூப்பிடாமலே எழுந்து போய் மாமாவின் அருகில் நின்றாள். அவர் கை நீட்டியபோதெல்லாம் ஒரு லென்ஸை எடுத்து வைத்து, அதன் பவரை அவர் காதோடு சொன்னாள்.

வேலைக்காரனை எதற்காக நிறுத்தினார்கள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“மாப்ளே, அதையே போட்டுடு” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் மாமா.

சபதம் போட்டவன் பொழுது சாயும்வரை படம் தேடினான். பெரியவராக இருக்க வேண்டும். தலை நுரையாக நரைத்திருக்க வேண்டும். சிரிக்க வேண்டும். வந்தவரெல்லாம் ஒன்று சிரிக்கவில்லை, இல்லாவிட்டால் வழுக்கை. கடைசியில் ஒருவர் அகப்பட்டார். நாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவரை உட்காரவைத்தான்.

மாமா மறுபடியும் வந்து குனிந்து பார்த்தார்.

“எதையும் மாத்திடலையே?”

“இல்ல மாமா. நீங்க பார்த்ததுதான்.”