ஒரு முழங்காலை மடக்குவதற்கு

“நீர் அங்காலை பாரும்,” என்றார் அருமைராசா.

சக்கர நாற்காலியில் இருந்தபடி, உடுப்பில்லாத ஒரு கிரேக்க இளைஞனிடமிருந்து என்னைக் காப்பாற்றப் பார்த்தார் என் கணவர்.

“இவ்வளவு காலமும் உங்களைத்தானே பாத்தனான். கொஞ்சம் வடிவானதையும் பாப்பமே.”

சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயின் ஒரு பக்கத்தால்தான் சிரிக்கிறார். இன்று அதுவே முதற் சிரிப்பு.

சிகிச்சை நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகும் வண்டி பனியில் பிந்திவிட்டது. குளிருக்கு ஒதுங்க, எதிரே இருந்த அருங்காட்சியகத்துக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

இன்று காலை, பயிற்சி கொடுக்கும் ஜெசிக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். இடது காலில் பலம் திரும்பியிருக்கிறது. அதில் பாரத்தைப் போட அவர் துணியாவிட்டால், இனி நாற்காலிதான்.

அவருக்கு அந்தக் காலில் நம்பிக்கை இல்லை. எழுப்பினால் முழு உடம்பையும் வலது பக்கம் சரித்து, என் தோளில் தொங்குவார்.

முதலாவது சிலை விறைத்து நின்றது. இரண்டு கால்களிலும் ஒரே பாரம். கைகள் பொத்தியபடி.

அடுத்ததுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினேன்.

அவன் ஒரு காலில் பாரத்தை இறக்கிவிட்டு, மற்ற முழங்காலைத் தளரவிட்டிருந்தான். அந்த ஒன்றால் இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்து, அதே பக்கத் தோள் தாழ்ந்து, வயிறுகூட மெல்ல வளைந்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற பொடியன் மாதிரி. இப்போது காலை மாற்றுவான் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

குறிப்பை வாசித்துச் சொன்னேன். பாரம் வலது காலில். இரண்டு சிலைகளுக்கும் இடையில் நூற்றைம்பது வருடம்.

“ஒரு முழங்காலை மடக்கவோ?”

“ஓம்.”

“அப்ப ஜெசிக்காவிட்டைச் சொல்லும், எனக்கு இன்னும் நேரம் கிடக்கெண்டு.”

பிறகு, “எழுப்பும். கிட்டப் பாக்கவேணும்,” என்றார்.

எழுப்பினேன். வலது கை என் தோளில் கனத்தது. முகத்துக்கு முகம், அந்த இளைஞனுக்கு நேரெதிரே நின்றார். அவருடைய கண்கள் கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து இடுப்புக்கும் மெதுவாக இறங்கின. வாய் சிறிது திறந்திருந்தது. பூசையில் நற்கருணையை உயர்த்தும்போதுகூட அவரிடம் அந்த முகத்தை நான் கண்டதில்லை.

“என்ன சுகமா நிக்கிறான்,” என்றார். “அவனும் என்ரை கட்சிதான். வலது கால்.”

கண்ணை எடுக்காமல், அவனைப் போலவே நின்று பார்த்தார். இடுப்பு உயர்ந்தது. தோள் தாழ்ந்தது. ஒரு குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பியது.

என் தோளில் கனம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு கையே இல்லை.

“எப்பிடி, அவனைப் போலையோ?”

கீழே பார்த்தேன். நேரெதிரே நின்றவனைப் பார்த்து நின்றதில், கண்ணாடியில் போலப் பக்கம் மாறியிருந்தது.

“அப்பிடியே அவன்தான்,” என்றேன். அவருடைய முதுகுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.

எழும்பியிருந்தது வலது குதிக்கால்.