மதிலைத் தாண்டிய பந்து

கோஸ்த் நகரில் வெயில் சாய்கிறது. உயர்ந்த மண்மதிலுக்குள், மல்பெரி மரத்தின் நிழல் நீண்டு கிடக்கும் முற்றத்தில் பல்வாஷா தன் அண்ணனுக்குப் பந்து வீசுகிறாள். ஆப்கன் கிரிக்கெட் அணியே நம்பியிருக்கும் மட்டையாளன் ஸ்மரக், மூன்றாவது பந்தையும் கோட்டைவிடுகிறான். போன மாதம் முகத்தில் அடிபட்டதிலிருந்து அவன் பார்வை மங்கிவருவது அவளுக்கு மட்டுமே தெரியும். "லாலா," என்று அண்ணனை அழைக்கிறாள். "நாளைக்கு மேட்ச் ஆடாதே. இன்னொரு அடி பட்டா கண்ணே போயிடும்." "வாயை மூடிட்டுப் போடுடி." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் மட்டையையே குறிபார்த்து மெதுவாக வீசுகிறாள். கணீரென்று ஒரு சத்தம். பந்து மதிலைத் தாண்டிப் போகிறது. தெருவில் காத்திருக்கும் கூட்டம் "ஸ்மரக்! ஸ்மரக்!" என்று ஆர்ப்பரிக்கிறது. ஓங்கிய மட்டையோடு நிற்கும் அவன், தங்கையிடம் தணிந்த குரலில் கேட்கிறான்: "எந்தப் பக்கம்டி போச்சு?"