ஒன்றேகால் மணித் தூக்கம்

இன்னும் ஆறு நிமிடத்தில் சர்வர் தூங்கிவிடும்.

வயர்க்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியிலிருந்த லேப்டாப்பையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்தான். முதல் நாள் தோளில் ஒரு சுருள் கேபிளை மாட்டிக்கொண்டு வந்ததால், இந்த அலுவலகத்துப் பெண்கள் வைத்த பெயர் அது.

பார்சல் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டுப் பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டி வந்து சேராதவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திட்டி முடித்த இரண்டாவது நொடியில் அடுத்தவரைக் காதில் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சர்வரின் வேலை. அது தூங்கினால் எல்லா அழைப்புகளும் நின்றுவிடும்.

மூன்று வாரமாக, ஞாயிறு தவிர, தினமும் ஒன்றேகாலுக்குத் தூங்குகிறது.

தூங்கவே கூடாது என்றுதான் முதல் நாளே அமைத்திருந்தார். அமைப்பு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. தன்னிடமிருந்த வேறொரு சர்வரைக் கொண்டுவந்து வைத்தும் பார்த்தார். மறுநாளே அதுவும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது.

உள்ளே இருக்கும் பதிவுகளைத் திறந்தால் தினமும் ஒரே காரணம்தான்: ஏதோ ஒரு மென்பொருள் கேட்டுக்கொண்டதால் தூங்கப் போகிறது. எந்த மென்பொருள் என்று சொல்லித் தொலைக்காது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். கடைசியில் கழற்ற எதுவும் மிச்சமில்லை.

சர்வர் நன்றாகத்தான் தூங்கியது. தூக்கம் போனது இவருக்கு.

இன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்றைக்கும் தூங்கினால் நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் கையில் மிஞ்சியிருப்பது இந்த ஓர் அலுவலகம்தான். இதுவும் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

தான் வந்திருப்பதைச் சூப்பர்வைசர் அம்மாளிடம் சொல்லவில்லை. தினமும் எட்டுப் பேர் முன்னால் நிற்கவைத்துக் கிழிகிழியென்று கிழிப்பவர் அவர். காவலாளியிடம் மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பூட்டிக்கொண்டு, சர்வர் அலமாரிக்குப் பின்னால் ஏசிக் காற்று படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

சூடு சரியாக இருந்தது. மின்சாரம் சரியாக இருந்தது. ஒன்று பதிமூன்று. ஒன்று பதினான்கு. எந்த மென்பொருளும் எதுவும் கேட்கவில்லை.

கதவுப் பூட்டு திறந்தது.

சூப்பர்வைசர் உள்ளே வந்து, நேராக மானிட்டருக்கு முன்னால் போய் நின்றார். கடவுச்சொல்லைத் தட்டினார். மவுஸை இரண்டு முறை அழுத்தினார். திரையில் ஆள் அழுத்தித் தூங்கவைத்தாலும், மென்பொருள் கேட்டதாகத்தான் பதிவில் விழும்.

சர்வரின் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றுபோனது. லேப்டாப்பில் தொடர்பு அறுந்தது.

வயர்க்காரருக்கு ஒன்றுமே ஓடவில்லை. தெரியாமல் அழுத்திவிட்டாரா? மூன்று வாரமாகவா? இந்த அம்மாளுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது.

அதற்குள் சூப்பர்வைசர் கதவைத் திறந்து, வெளியே தலையை நீட்டி, அதே சிடுசிடுத்த குரலில் சொன்னார்:

"மறுபடியும் படுத்துடுச்சு! அந்த ஆளு வந்து எழுப்புற வரைக்கும் யாரும் ஹெட்போனைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்!"

அலமாரியின் இடைவெளி வழியாக வயர்க்காரர் பார்த்தார். எட்டுப் பேரும் ஹெட்போனைக் கழற்றினார்கள். மாசமாக இருந்த பெண் கழிவறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒருத்தி அவசர அவசரமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். இன்னொருத்தி அதற்கும் தெம்பில்லாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அழைப்பு வராத நேரத்தில்தான் சாப்பிட வேண்டும் என்பது தலைமை அலுவலகம் போன மாதம் போட்ட உத்தரவு. அழைப்பு வராத நேரம் என்று ஒன்று இங்கே இல்லை.

வயர்க்காரர் வந்து சர்வரை எழுப்பும்போதெல்லாம் எல்லாரும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறார். மண்டையில் உறைக்கவே இல்லை.

சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணைத் தொட்டுக் காதில் வைத்தார்.

அலமாரிக்குப் பின்னால் வயர்க்காரரின் போன் அடித்தது.

அந்த அம்மாள் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. காதிலிருந்து போனை எடுக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. தலைமை அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் வேலை தப்பிவிடும். அந்த அம்மாளின் வேலை போய்விடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டப்பாவைத் திறந்தவள் இப்போதுதான் முதல் வாய் எடுத்து வைத்தாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

நான்கடி தூரத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தபடியே வயர்க்காரர் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க மேடம்... மறுபடியும் படுத்துடுச்சா? நான் இப்பதான் வீட்டை விட்டே கிளம்பறேன். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும்."