பட்டப்பகலில்

முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது, தடுக்கத் தூக்கிய கையில்.

செருப்புக் கடைக்காரர் தன் கடை வாசலிலேயே சரிந்தார். இடத்தைக் கேட்டு மிரட்டியவர்களிடம், கடையைக் காலி செய்ய முடியாது என்று அந்தத் தெருவில் முதலில் சொன்னவர் அவர்தான்.

உச்சி வெயில். தெரு நிறைய ஜனம். கண் மூடித் திறப்பதற்குள் ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின.

எதிரே டீக்கடையில் கிளாஸும் கையுமாக நின்றவர் மட்டும் நகரவில்லை. பத்திரிகையில் தலைப்பு எழுதுகிறவர். ஆபீசில் அவரைக் கூப்பிடுவதே 'தலைப்பு' என்றுதான். வீரமெல்லாம் ஒன்றுமில்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் தவழ்ந்தே தெருவைக் கடந்து வந்து அவர் பேண்ட்டைப் பிடித்தார். "சார்" என்றார்.

தலைப்பு உதறினார். அதற்கு மட்டும் கால் வந்தது.

கடைசி வெட்டு கழுத்தில்.

வெட்டியவன் அவசரமே படவில்லை. செத்தவர் சட்டையிலேயே அரிவாளைத் துடைத்தான். தலைப்பின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி, பெயரை வாய்விட்டுப் படித்தான்.

"பேப்பர்காரரா? பட்டப்பகல்னு மறக்காம போட்டுருங்க சார். அதுக்குத்தான் இந்த வெயில்ல நின்னோம்."

போட்டார். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்.

போலீஸ் விசாரித்தபோது, எதையும் பார்க்கவில்லை என்றார். டீக்கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார். தெருவே அப்படித்தான் சொன்னது.

மறுநாள் கடைக்காரரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். அழுது முடித்த முகம். பேப்பரைத் தலைப்பின் மேஜையில் விரித்து, அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"ஒருத்தருமே பார்க்கலன்னு போலீஸ்ல சொல்றாங்க. நீங்க பட்டப்பகல்னு போட்டிருக்கீங்க. அப்போ யாராவது பார்த்திருப்பாங்கதானே சார்?"

எத்தனையோ கொலைகளுக்கு அவர் அந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார். அதை இப்படி நம்பிப் படித்துவிட்டு வந்து நின்ற முதல் ஆள் இந்த அம்மாதான். வெட்கத்தில் காது சுட்டது. சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. தன் பெயரைப் படித்த அந்தக் குரலும் கூடவே வந்தது.

"அது சும்மா, வழக்கமா போடற வார்த்தைம்மா" என்றார்.